பி.காம். சி.ஏ. என்றால் என்ன? மகளைக் கல்லூரியில் சேர்க்கும் முன்...



மே மாதம் பிறந்துவிட்டால், எங்கள் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வரும் அம்மாக்கள் குழுவின் பாஸ்புக்கோடு மகளின் மதிப்பெண் பட்டியலையும் பையில் வைத்துக் கொண்டுவருவார்கள். கடன் விண்ணப்பத்தைப் பற்றிப் பேசி முடித்ததும் மெதுவாக அதை எடுத்து மேசைமேல் வைப்பார்கள். "ஏனுங்க, பேங்க் வேலைக்குப் போறதுக்கு எந்தப் படிப்புங்க படிக்க வெக்கோணும்?" என்பார்கள்.

முன்பெல்லாம் நாங்கள் யோசிக்காமல் ஒரே பதில் சொல்லிவிடுவோம். "பி.காம். சி.ஏ. போடுங்கம்மா. பேங்கும் இருக்கு, கணக்கும் இருக்கு, கம்ப்யூட்டரும் இருக்கு." அந்தப் பதிலில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பாதி விவரம்தான் இருந்தது. மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டதால் ஒரு குடும்பம் எப்படிச் சிரமப்பட்டது என்பது எங்கள் பொதுக்குழுக் கூட்டம் ஒன்றில்தான் எங்களுக்கே தெரிந்தது.

ஓர் அக்கா எழுந்து நின்றார். மகளை மூன்று வருடம் பி.காம். சி.ஏ. படிக்க வைத்திருக்கிறார். குழுவில் 30,000 ரூபாய் உள்கடன், அதற்கு மேல் தாலிக்கொடியைத் தவிர இருந்த நகையெல்லாம் அடகு. படிப்பு முடிந்து ஒரு வருடம் ஆகியும் பெண் வீட்டில்தான் இருக்கிறாள். "சி.ஏ. முடிச்சா ஆடிட்டர்னு சொன்னாங்க. நீங்களும் பேங்க் வேலைன்னு சொன்னீங்க. ரெண்டும் இல்லீங்களே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது. அன்றைக்கு அவருக்குச் சொல்ல எங்களிடம் பதில் இல்லை. பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறோம்.

பெயரில் உள்ள குழப்பம்

முதலில் அந்த "சி.ஏ." இரண்டு வேறு விஷயங்களுக்கு ஒரே எழுத்து. ஆடிட்டர் என்று நாம் சொல்கிறோமே, அவர் சார்ட்டர்டு அக்கவுண்டன்ட். அந்தப் பட்டத்தை எந்தக் கல்லூரியும் கொடுக்க முடியாது. 1949-ல் பாராளுமன்றச் சட்டத்தால் அமைக்கப்பட்ட இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் மட்டும்தான் கொடுக்கும். அடிப்படைத் தேர்வு, இடைநிலைத் தேர்வு, இறுதித் தேர்வு என்று மூன்று கட்டம், நடுவில் ஓர் ஆடிட்டரிடம் இருந்து வேலை பழக வேண்டும். பல வருடம் பிடிக்கும்.

பி.காம். சி.ஏ. என்பதில் வரும் சி.ஏ., கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். அதாவது கணினிப் பயன்பாடு. வணிகவியல் பட்டத்தோடு கம்ப்யூட்டர் பாடங்களைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அவ்வளவுதான். இதைப் படித்துவிட்டு ஆடிட்டர் ஆக ஆசைப்பட்டால் வழி இருக்கிறது. வணிகவியல் பட்டதாரி 55 சதவீத மதிப்பெண் வைத்திருந்தால் அடிப்படைத் தேர்வு எழுதாமலே நேராக இடைநிலைக்குப் பதிவு செய்யலாம். ஆனால் அங்கிருந்துதான் ஆடிட்டர் படிப்பே தொடங்குகிறது. சேர்க்கை நேரத்தில் வீடு தேடி வரும் சிலர் இந்தக் குழப்பத்தைத் தெளிவாக்குவதில்லை. குழப்பம் இருந்தால் அவர்களுக்கு நல்லது.

இதே குடும்பத்தில் இன்னும் பல பெயர்கள் இருக்கின்றன. நம் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள கல்லூரிகளில் பி.காம். வங்கி மற்றும் காப்பீடு, பி.காம். ஐ.டி., பி.பி.ஏ. சி.ஏ. என்றெல்லாம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பி.காம். வங்கி மேலாண்மை என்று ஒன்று உண்டு. பெயர் எதுவானாலும் கணக்கியல், வணிகச் சட்டம், வங்கியியல், வருமான வரி, தணிக்கை ஆகியவை ஏறக்குறைய எல்லாவற்றிலும் வரும். சி.ஏ. பிரிவில் கூடுதலாக நிரல் எழுதுவது, தரவுத்தளம், இணையம், டேலி மாதிரியான பாடங்கள் வரும். மூன்று வருடம், ஆறு செமஸ்டர். தமிழும் ஆங்கிலமும் தனி.

உள்ளே என்ன படிக்கிறார்கள்?

இதைச் சொன்னால் நம்புவீர்களா என்று தெரியவில்லை. அந்தப் பாடப் பட்டியலை வாங்கிப் படித்தபோது எங்களுக்கு முதலில் ஞாபகம் வந்தது உங்கள் குழுக்களின் கணக்குப் புத்தகங்கள்தான். நாங்கள் படித்தது சமூகப்பணி. கணக்கு என்றால் எங்களுக்கும் பயம்தான். ரொக்கப் புத்தகம் எழுதுவதைப் பழைய ஊக்குநர் அக்காமார்களிடம்தான் உட்கார்ந்து கற்றுக்கொண்டோம். அதனால் அந்த வழியிலேயே சொல்லிப் பார்க்கிறோம்.

கணக்கியலில் முதல் பாடம் இரட்டைப் பதிவு. ஓர் உறுப்பினருக்கு 5,000 ரூபாய் உள்கடன் கொடுத்தால் ரொக்கப் புத்தகத்தில் பற்று எழுதுகிறோம், கடன் பேரேட்டில் அந்த அம்மா பெயரிலும் எழுதுகிறோம். ஒரே பணம் இரண்டு இடத்தில் பதிவாகிறது. வருடக் கடைசியில் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து தேடியிருக்கிறீர்கள். கல்லூரியில் இதையே பெரிய கம்பெனி அளவில் செய்யச் சொல்கிறார்கள்.

நிதிப் பாடத்தில் வட்டி வருகிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் இது மகளுக்கு மட்டுமல்ல, நமக்கும் வேண்டும். 10,000 ரூபாய் கடன், மாதம் 1 சதவீத வட்டி, பத்துத் தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் குழுவில் அசல் குறையக் குறைய வட்டியும் குறைகிறது. முதல் மாதம் 10,000-க்கு 100 ரூபாய், அசலில் 1,000 கட்டிய பிறகு அடுத்த மாதம் 9,000-க்கு 90 ரூபாய், அப்புறம் 80, 70 என்று இறங்கிக் கடைசி மாதம் 10 ரூபாய். எல்லாம் கூட்டினால் வட்டி 550 ரூபாய். இதே கடனை "ஃபிளாட் ரேட்" என்று ஒருவர் கொடுத்தால், கடைசி மாதம் வரை முழு 10,000-க்கும் 100 ரூபாய் போடுவார். மொத்தம் 1,000 ரூபாய். இரண்டு பேரும் வாயில் சொல்வது "மாசம் ஒரு வட்டி" என்றுதான். கையெழுத்துப் போடும் இடத்தில் 450 ரூபாய் வித்தியாசம் இருக்கிறது. வீட்டில் ஒரு பிள்ளை இதைப் படித்திருந்தால் அந்தத் தெருவுக்கே உபயோகம்.

வங்கியியலில் காசோலைக்கு 1881-ஆம் வருடத்துச் சட்டம், வங்கிகளை ஒழுங்குபடுத்தும் 1949-ஆம் வருடத்துச் சட்டம், 1935-ல் வேலையைத் தொடங்கிய ரிசர்வ் வங்கியின் அதிகாரம் எல்லாம் வரும். காசோலையில் குறுக்குக் கோடு போட்டால் ஏன் கவுண்டரில் பணம் தர மாட்டார்கள், தேதி போட்டு மூன்று மாதம் தாண்டினால் ஏன் செல்லாது, தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் வங்கி ஏன் அதை வாராக் கடன் பக்கம் தள்ளுகிறது, இவையெல்லாம் அங்கே பாடம். நாம் மேனேஜரிடம் திட்டு வாங்கித் தெரிந்துகொண்டதைப் பிள்ளைகள் புத்தகத்தில் படிக்கிறார்கள்.

கம்ப்யூட்டர் பகுதியில் தரவுத்தளம் என்று ஒரு பாடம். பெயரைக் கேட்டாலே மிரட்டலாக இருக்கிறது. விஷயம் எளிது. நம்மிடம் உறுப்பினர் பதிவேடு, சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு என்று மூன்று நோட்டு இருக்கிறது. குழுவில் இரண்டு செல்வி இருந்தால் பெயரை மட்டும் எழுதினால் குழம்பிவிடும். அதனால் உறுப்பினர் எண் போடுகிறோம். 7 என்று பார்த்ததும் மூன்று நோட்டிலும் அதே செல்வி என்று தெரிகிறது. அந்த எண்ணை வைத்து நோட்டுகளை இணைப்பதைத்தான் கம்ப்யூட்டர் செய்கிறது, லட்சம் பேருக்குச் சேர்த்து ஒரு நொடியில். வங்கியில் உங்கள் கணக்கு எண்ணைத் தட்டியதும் போட்டோ, கையெழுத்து, கடன் பாக்கி எல்லாம் திரையில் வருவது அப்படித்தான்.

வங்கியையும் கம்ப்யூட்டரையும் ஏன் ஒரே பட்டத்தில் சேர்த்தார்கள் என்பதும் இதிலிருந்தே புரியும். பழைய நாளில் வங்கியில் டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருப்போம். பெரிய பேரேட்டைப் புரட்டிக் கையால் எழுதுவார்கள். வங்கிகளில் இயந்திரம் கொண்டுவருவது பற்றி டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 1984-ல் அறிக்கை கொடுத்தது. அதற்குப் பிறகு படிப்படியாக வந்து, இன்று எந்தக் கிளையிலும் பணம் எடுக்கலாம் என்ற நிலை. 2016-ல் யு.பி.ஐ. வந்ததும் காய்கறி வண்டியிலேயே வங்கி வந்துவிட்டது. நம் குழுக் கணக்குகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற நபார்டு வங்கி 2015-ல் இ-சக்தி என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஆக, கணக்குத் தெரிந்து கம்ப்யூட்டர் தெரியாதவருக்கும், கம்ப்யூட்டர் தெரிந்து கணக்குத் தெரியாதவருக்கும் இந்த வேலையில் பாதி இடம்தான்.

அப்போ பேங்க் வேலை?

இங்கேதான் நாங்கள் சொல்லாமல் விட்ட மீதிப் பாதி இருக்கிறது.

அரசு வங்கிகள் கல்லூரிப் பட்டத்தின் பெயரைப் பார்த்து ஆள் எடுப்பதில்லை. 2011 முதல் ஐ.பி.பி.எஸ். என்ற அமைப்பு பொதுத்துறை வங்கிகளுக்குச் சேர்த்து ஒரே தேர்வு நடத்துகிறது. ஸ்டேட் வங்கி மட்டும் தனியாக நடத்துகிறது. கிளார்க் தேர்வுக்கும் அதிகாரி தேர்வுக்கும் தகுதி, ஏதாவது ஒரு பட்டம். தமிழ் இலக்கியம் படித்த பெண்ணும், தாவரவியல் படித்த பெண்ணும், பி.காம். சி.ஏ. படித்த பெண்ணும் ஒரே கேள்வித்தாளுக்கு முன்னால்தான் உட்காருவார்கள்.

கிளார்க்குக்கான முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலம் 30, கணக்கு 35, பகுத்தறியும் திறன் 35 என்று 100 கேள்விகள். நேரம் ஒரு மணி. ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. தப்பாக எழுதினால் கால் மதிப்பெண் போய்விடும். இதில் இரட்டைப் பதிவும் கிடையாது, டேலியும் கிடையாது. பத்தாவது வகுப்புக் கணக்கை எவ்வளவு வேகமாகப் போடுகிறாய் என்பதுதான் சோதனை. இதில் தேறினால்தான் முதன்மைத் தேர்வு. அங்கே நிதி, வங்கி பற்றிய பொது அறிவு வரும்போது நம் பிள்ளைக்குக் கொஞ்சம் கை கொடுக்கும். கிளார்க்குக்கு நேர்முகத் தேர்வு கிடையாது. எனவே "உள்ள ஆள் இருக்கு, இன்டர்வியூல பாத்துக்கலாம், ஒரு லட்சம் ஆகும்" என்று யாராவது சொன்னால் அந்த ஆளை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

அப்படியென்றால் பி.காம். சி.ஏ. படிப்பதில் லாபமே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. கிளார்க் அறிவிப்பில் கம்ப்யூட்டர் இயக்கத் தெரிந்ததற்குச் சான்று கேட்கிறார்கள். கல்லூரியில் அதை ஒரு பாடமாகப் படித்திருந்தாலே போதும். மற்றவர்கள் தனியாக ஒரு சான்றிதழ் படிப்பு முடிக்க வேண்டியிருக்கும். கிராம வங்கி அதிகாரி தேர்வில் கணக்கியல், கம்ப்யூட்டர் போன்ற படிப்புகளுக்கு முன்னுரிமை உண்டு என்று அறிவிப்பிலேயே போடுகிறார்கள். நம் மாநிலத்தில் பல்லவன், பாண்டியன் இரண்டும் சேர்ந்து 2019 ஏப்ரலில் தமிழ்நாடு கிராம வங்கி ஆனது. கூட்டுறவு வங்கிகளுக்குப் பட்டத்தோடு கூட்டுறவுப் பயிற்சியும் கேட்பார்கள், அது தனிக் கதை.

கிளார்க் தேர்வை 13 மாநில மொழிகளில் நடத்துவதாக 2021-ல் மத்திய நிதி அமைச்சகம் அறிவித்தது, தமிழும் அதில் உண்டு. ஆனால் ஆங்கிலப் பகுதி ஆங்கிலத்தில்தான். தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். முதல் வருடத்திலிருந்தே தினம் ஒரு பக்கம் ஆங்கிலச் செய்தித்தாள் படிக்கப் பழக்கினால் மூன்றாம் வருடத்தில் பயம் போய்விடும். மூன்றாம் வருடம் முடித்த பிறகு கோச்சிங் என்று 20,000 கட்டுவதைவிட இது மலிவு. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் மூலம் இலவச வகுப்பு நடத்துகிறார்கள். போய்க் கேளுங்கள்.

இன்னொன்று, சாதிச் சான்றிதழ். நம்மிடம் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மாநில அரசுக்கானது. வங்கித் தேர்வுக்கு மத்திய அரசுப் படிவத்தில், வருமான வரம்புக்கு மேற்பட்டவர் அல்லர் என்று போட்ட ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். மத்திய அரசுப் பட்டியலில் அந்தச் சமூகத்தின் பெயர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தேர்வில் தேறியும் இந்தக் காகிதம் இல்லாமல் அலைய வேண்டாம்.

இதைப் படிக்கும் உறுப்பினர்களுக்கே ஒரு செய்தி. கிளார்க் தேர்வுக்கு வயது 20 முதல் 28. பிற்பட்டோருக்கு 3 வருடம், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5 வருடம் சலுகை. கணவரை இழந்தவர்கள், சட்டப்படி பிரிந்தவர்கள், விவாகரத்து ஆனவர்கள், மறுமணம் செய்யாமல் இருந்தால் பொதுப் பிரிவில் 35, ஓ.பி.சி. 38, பட்டியல் சாதி, பழங்குடியினர் 40 வயது வரை எழுதலாம் என்று சமீப ஆண்டு அறிவிப்புகளில் இருக்கிறது. நம் குழுக்களில் டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் தங்கைகள் சிலரை நினைத்துக்கொண்டுதான் இந்த வரியை எழுதுகிறோம்.

வங்கி கிடைக்காவிட்டால்?

பொதுத்துறை வங்கியில் இடம் கிடைப்பது கொஞ்சம் பேருக்குத்தான். மற்ற பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்று விசாரித்தோம். திருப்பூர்ப் பக்கம் நிட்டிங், டையிங், எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் கணக்குப் பிரிவு, ஆடிட்டர் அலுவலகங்கள், காப்பீட்டு நிறுவனங்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு இந்த வேலை கூடியிருக்கிறது. மாதாமாதம் தாக்கல் செய்யும் கம்பெனி 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரம், 20-ஆம் தேதிக்குள் வரிக் கணக்கு கொடுத்தாக வேண்டும். சரக்கு வண்டி கிளம்பும் முன் இ-வே பில் போட வேண்டும். பில்லையும் புரிந்துகொண்டு கம்ப்யூட்டரிலும் ஏற்றத் தெரிந்த ஆள் தேவை. இந்தப் பட்டம் உண்மையில் நன்றாகப் பொருந்துவது இங்கேதான் என்பது எங்கள் அபிப்பிராயம்.

சாஃப்ட்வேர் கம்பெனி என்று கனவு இருந்தால் யோசிக்க வேண்டும். இதில் உள்ள கம்ப்யூட்டர் பாடம் அறிமுகம் அளவுக்குத்தான். அதற்குப் பி.சி.ஏ. அல்லது பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் நேர் வழி. அதே மாதிரி "பேங்க் வேலை" என்று சொல்லிக் கூப்பிட்டு வீடு வீடாக வசூலுக்கு அனுப்புகிற இடங்களும் உண்டு. வேலை கேவலம் இல்லை. ஆனால் சேரும் முன்னாலேயே என்ன வேலை, யார் சம்பளம் தருகிறார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

பணத்துக்கு என்ன செய்வது?

முதலில் அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுங்கள். திருப்பூரில் சிக்கண்ணா அரசுக் கல்லூரி, எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரி மாதிரி மாவட்டத்துக்குச் சில இருக்கின்றன. மாநிலம் முழுவதற்கும் ஒரே இணையதளத்தில் விண்ணப்பம். வணிகவியல் பிரிவுகளுக்குப் போட்டி அதிகம், கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம். அரசுக் கல்லூரியில் கிடைத்தால் குழுக் கடனே தேவைப்படாமல் போகலாம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. சேரும் வருடத்தில் அதன் விதி என்ன என்று கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். பட்டியல் சாதி, பழங்குடியினர் குடும்பங்கள் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையைத் தவறவிடக் கூடாது.

தனியார் கல்லூரிதான் என்றால் கல்விக் கடன் பாருங்கள். 4 லட்சம் வரை முன்பணம் கிடையாது, சொத்து ஜாமீன் கிடையாது, பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. வருடம் 40,000 வீதம் மூன்று வருடம், வட்டி 10 சதவீதம் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். முதல் 40,000-க்கு நாலு வருட வட்டி 16,000. இரண்டாவதுக்கு மூன்று வருட வட்டி 12,000. மூன்றாவதுக்கு இரண்டு வருட வட்டி 8,000. தவணை தொடங்கும் நாளில் 1,20,000 ரூபாய் கடன் 1,56,000 ஆகி நிற்கும். அதை ஐந்து வருடத்தில் அடைத்தால் மாதம் சுமார் 3,300 ரூபாய். முதல் சம்பளத்தில் இது போகும் என்று மகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். படிக்கும்போதே மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டிவந்தால் இந்த 36,000 மூட்டை சேராது. அப்படிக் கட்டுபவர்களுக்குச் சில வங்கிகள் ஒரு சதவீதம் குறைத்தும் தருகின்றன. முதல் வருடம் மாதம் 333 ரூபாய்தான் வரும். நம் சேமிப்புச் சந்தா கட்டுகிற கைக்கு அது பழக்கமான வேலை.

நகை அடகைக் கடைசியில் வையுங்கள். குழு உள்கடனைப் பத்து, இருபது மாதத்தில் அடைக்க வேண்டும், படிப்போ மூன்று வருடம். பிள்ளை இரண்டாம் வருடம் படிக்கும்போதே தவணை நெருக்கும். அந்த அக்காவுக்கு நடந்தது அதுதான். கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கினார்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது வாசல் தோரணத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். கம்ப்யூட்டர் அறைக்குள் போய் ஒரு பிள்ளைக்கு ஒரு மெஷினா, மூன்று பிள்ளைக்கு ஒன்றா என்று எண்ணுங்கள். பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும் என்று எழுத்தில் கேளுங்கள். "நூறு சதவீதம் வேலை" என்று நோட்டீஸில் போட்டிருந்தால், போன வருடம் இந்தப் பிரிவில் முடித்த பெண்கள் நாலு பேருடன் பேச வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். அப்போது அவர்கள் முகம் போகிற போக்கிலேயே பாதி தெரிந்துவிடும்.

பொதுக்குழுவில் எழுந்து பேசிய அக்காவின் மகள் இப்போது ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஜி.எஸ்.டி. வேலை பார்க்கிறார். கிளார்க் முதல்நிலைத் தேர்வில் ஒருமுறை தேறி, முதன்மைத் தேர்வில் போய்விட்டது. மறுபடி எழுதப்போகிறார். நாங்கள் கேட்டுக்கொண்டதால் சேர்க்கை முடியும் வரை சனிக்கிழமை மதியம் 2 மணி முதல் 5 மணி வரை கூட்டமைப்பு அலுவலகத்தில் வந்து உட்காருகிறார். மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பத்தாவது, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிப் பாஸ்புக் எல்லாவற்றிலும் இரண்டு இரண்டு ஜெராக்ஸ் எடுத்து வந்தால் அன்றைக்கே விண்ணப்பம் போட்டுவிடலாம்.